துணியைத் தட்ட முடியாது

மேற்குப் பார்த்த வீட்டை மார்கழியில் போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து, தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. நல்ல வெளிச்சமான வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசி பிறந்ததும் அதே வெயில் வேறு ஆளாக மாறியிருந்தது. மூன்று மணிக்கு உள்ளே வந்தால் ஆறு மணி வரை நகராது. அலமாரியில் புத்தகங்களின் முதுகு வெளுக்க ஆரம்பித்தது. சிவப்பு அட்டைகள்தான் முதலில் போயின.

கடைக்குப் போனேன். வளையம் கோத்த பாலியெஸ்டர் துணிகள் கூரையிலிருந்து தரை வரை தொங்கின. எனக்கு வேண்டியது வெயிலைக் கொஞ்சம் தணிக்கிற துணி. அவர்கள் எடுத்துப் போட்டது பகலை இரவாக்குகிற துணி. 'பிளாக்அவுட்டுங்க, ஒரு பொட்டு வெளிச்சம் வராது' என்றார் கடைப் பையன். ஒரு ஜன்னலுக்கு 1,800 ரூபாய். வெளிச்சமே வேண்டாம் என்றால் செங்கல் வைத்து அடைத்துவிடலாமே என்று தோன்றியது. வாடகை வீடு, அதுவும் முடியாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை.

திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் காடாத் துணி உருளை சாய்ந்து நின்றிருந்தது. மீட்டர் 48 ரூபாய். 3 மீட்டர் கேட்டேன். கடைக்காரர் அளந்துவிட்டு ஓரத்தில் கத்தரியால் ஒரே ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து டர்ரென்று கிழித்தார். காடாவை அப்படித்தான் பிரிக்க வேண்டும். கத்தரி கோணும். கிழிசல் ஓர் ஊடை நூலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரை வரை நேராகப் போகும். அந்தச் சத்தத்தை நான் கேட்டு இருபது வருஷம் இருக்கும்.

காடா தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தறியிலிருந்து இறங்கிய கையோடு, வெளுக்காமல், சாயம் ஏற்றாமல் விற்கிற பருத்தித் துணி அது. நிறம் வடித்த கஞ்சி நிறம். கிட்டத்தில் பார்த்தால் பழுப்பும் கறுப்புமாகப் பருத்தி விதைத் தோலின் துணுக்குகள் தெரியும். தொட்டால் மொடமொடவென்று இருக்கும். தறியில் அடிபடும்போது அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள், அந்த விறைப்பு. மரவள்ளி மாவும் அதில் சேரும். முகர்ந்து பார்த்தால் லேசாக எண்ணெய் வாசம். பல்லடத்தையும் சோமனூரையும் சுற்றி இந்தத் துணி ராத்திரி பகலாக ஓடுகிறது. பிறகு சாயப்பட்டறைக்கும் அச்சுக்கும் போய் வேறு வேறு பெயரோடு திரும்பி வருகிறது. காடாவாகவே நின்றுவிடுவது கொஞ்சம்தான்: இட்லித் துணி, மாவு சலிக்கிற துணி, தலையணை உள்ளுறை, ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் கட்சிக்காரர்கள் எழுதிக் கட்டிய பேனர். அப்புறம் இன்னொன்று. அதை எனக்கு நினைவுபடுத்த அம்மா வரவேண்டியிருந்தது.

'ஏங் கண்ணு, காடாவக் கொண்டுவந்து சன்னல்ல கட்டறயா? எழவூடாட்டம் இருக்குமல்ல?'

அம்மா சொன்னது சரிதான். செத்தவர்மேல் போடுகிற கோடியும் இதுதான். அப்பா முப்பது வருஷம் காடா ஓட்டினவர். கடைசியில் அவர்மேல் விழுந்த கோடிகளிலும் காடா இருந்தது, யார் தறியில் ஓடினதோ. எனக்கு உடனே பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, கோயில் கதையை எடுத்தேன். கருப்பூர் கலம்காரி என்று சொல்கிறார்களே, கோயில் திரைச்சீலை, தேரில் தொங்கும் தொம்பை எல்லாம் எழுதுவது வெளுக்காத பருத்தித் துணியில்தான். அதைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து ஊறவைத்து, இரும்புத் துருவும் வெல்லமும் புளிக்க வைத்த தண்ணீரால் கறுப்புக் கோடு இழுப்பார்கள். சாமிக்கே காடா கட்டும்போது நமக்கு என்ன?

'சாமிக்கு எதக் கட்டினாலும் தகும். நமக்குத் தகோணுமல்ல' என்றார் அம்மா. அதோடு விட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அம்மாவிடம் நான் கேட்க நினைத்தது வேறு. காடா சன்னலுக்குத் தகாது என்றால், நம் வீட்டு வாசலில் பத்து வருஷம் தொங்கியது என்ன?

நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் பத்துக் குடித்தனம், ஆளுக்கு ஓர் அறை, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். எதிர்ச் சாரியில் தறிக் குடோன். கதவு இருந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சாத்துவோம். பகலில் சாத்தினால் உள்ளே வெந்துவிடும். அதைவிட, பட்டப்பகலில் சாத்திய கதவு லைன் முழுக்கச் சேதி சொல்லும். வீட்டில் சண்டை, இல்லையென்றால் வாசலுக்குக் கடன்காரர் வரப் போகிறார். ஆகவே கதவைத் திறந்துவைத்து அதன் இடத்தில் ஸ்கிரீன் தொங்கும். பத்து வாசலிலும் பத்து ஸ்கிரீன், பத்தும் பழைய சேலை.

எந்தச் சேலை ஸ்கிரீனாகும் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. நூல் சேலை ஆகாது. அதற்கு வேறு வேலைகள் காத்திருந்தன. கிழியும் வரை உடுத்தி, பிறகு யாராவது பிள்ளைக்குத் தூளி கட்டி, பிறகு மடித்துத் தைத்து விரிப்பாக்கி, கைப்பிடித் துணியாகி, கரித்துணியாகித்தான் அது ஓயும். நைலக்ஸ் சேலையை எதற்கும் ஆள முடியாது. தண்ணீரை உறிஞ்சாது. தூளி கட்டினால் பிள்ளை புழுங்கும். அடுப்படியில் கைப்பிடித் துணியாகப் பிடித்தால் கையோடு ஒட்டும். ஆனால் கிழியாது, சாயமும் லேசில் போகாது. ஒன்றுக்கும் உதவாமல் சாகவும் சாகாமல் இருக்கிற துணி வாசலுக்கு வந்து சேரும். எங்கள் வாசலில் தொங்கியது கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட நைலக்ஸ். அம்மா கல்யாணத்துக்கு அடுத்த தீபாவளிக்கு எடுத்ததாம். வெளியே வெயில் இருந்தால் உள்ளே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெருவே கத்தரிப்பூ நிறமாகத் தெரியும்.

வாசலைத் தட்ட முடியாது என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கதவு என்றால் தட்டலாம். துணியை எப்படித் தட்டுவது? வந்தவர் ஓரடி தள்ளி நின்று குரல் கொடுக்க வேண்டும். 'ஏனுங்க்கா, இருக்கறீங்களா?' உள்ளேயிருந்து 'வா கண்ணு' என்று வந்தால் விலக்கிக்கொண்டு போகலாம். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று பொருள். ஆள் இருந்தும் பதில் வராமல் இருக்கலாம், அதுவும் ஆள் இல்லாத கணக்குத்தான். காற்றில் துணி விலகி, உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருப்பது தெரிந்தாலும் தெரியாதது மாதிரித் திரும்பிவிட வேண்டும். எட்டு வயதில் ஒருமுறை நான் குரல் கொடுக்காமல் பக்கத்து வாசலில் நுழைந்துவிட்டேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தார். திறந்த கதவைத் தாண்டி நுழைந்திருந்தால் அடி விழுந்திருக்காது. துணிக்குத்தான் அவ்வளவு மரியாதை.

துணிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கும். தரை பெருக்கும்போது நனையக் கூடாது என்று தூக்கிக் கட்டியது. அதில் கால் தெரியும். வந்து நிற்பது யார் என்று குரல் வருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். வெள்ளி மெட்டி போட்ட வெடித்த குதிகால் பால்காரம்மா. பஞ்சு ஒட்டிய பெருவிரல் அப்பாவோடு வேலை செய்கிறவர். மினுக்கின செருப்பு என்றால் சீட்டுக்காரர், அப்போது நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம். பிற்பாடு தர்மபுரிப் பக்கம் முதன்முதலாகத் தெருக்கூத்து பார்த்தேன். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்து நிற்க, வேஷக்காரர் அதற்குப் பின்னால் ஆடி வந்தார். மேலே கிரீட நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிந்தன. எனக்கு அது புதிதாக இல்லை. துணிக்குக் கீழே தெரியும் காலை வைத்து, வருகிறது துரியோதனனா சீட்டுக்காரனா என்று கணக்குப் போட்டு வளர்ந்தவள் நான்.

கரூரில் தைத்த திரைச்சீலைகளும் படுக்கை விரிப்புகளும் அந்தக் காலத்திலேயே கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் லைனில் நைலக்ஸ் தொங்கியது. இதில் முறையிட ஒன்றுமில்லை, விஷயம் அப்படி. இன்றைக்கு அதே மாதிரி லைன் வீடுகளில் குளிக்கிற மறைப்புக்கு ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். ஏதோ ஒரு தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் முகம் உள்பக்கம் இருக்க வேண்டுமா வெளிப்பக்கம் இருக்க வேண்டுமா என்று பெண்கள் விவாதித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். தெருவைப் பார்க்கட்டும் என்றுதான் முடிவானது.

ஸ்கிரீன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் இதைத் திரைச்சீலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஸ்கிரீன் துணி எடுக்கோணும்', 'ஸ்கிரீன இழுத்து உடு'. வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ்காரர்கள் சினிமா ஓடுகிற வெள்ளைத் துணியை ஸ்கிரீன் என்கிறார்கள், ஜன்னலில் தொங்குவதற்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. நாம் அந்த ஸ்கிரீனைக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டிவிட்டு, நம்முடைய திரையைச் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டோம். வெள்ளித்திரை, திரையுலகம், திரைக்கதை. வீட்டுக்கு இங்கிலீஷ் சொல், கொட்டகைக்குத் தமிழ்ச் சொல். யாரும் உட்கார்ந்து பேசாமலே நடந்த பண்டமாற்று.

ஜன்னலுக்கு அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. கடலில் புரள்கிற அலையும் திரை, முதுமையில் தோலில் விழுகிற சுருக்கமும் திரை, தொங்குகிற துணியும் திரை. மூன்றுக்கும் பொது மடிப்புத்தான். ஜன்னல் அகலத்துக்குச் சரியாகத் துணி வெட்டி இழுத்துக் கட்டினால் அது வெறும் மறைப்பு, பார்ப்பதற்கும் வறட்சியாக இருக்கும். அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு துணி வேண்டும் என்று தையல்காரர்கள் சொல்வார்கள். மீதித் துணிதான் மடிப்பாக விழுந்து அலையாகிறது. சீலைக்கு விளக்கம் வேண்டாம். அம்மா தலைமுறைக்கு இன்னும் சேலை என்றால் சீலைதான். வாசலில் நைலக்ஸைக் கட்டியவர்கள் அகராதியைப் பார்த்துக் கட்டவில்லை, ஆனால் அகராதிப்படி சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

என் ஜன்னல் அகலம் 54 அங்குலம், உயரம் 48. காடாவின் அகலம் 63. 3 மீட்டரை இரண்டாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் 59 அங்குல நீளம். இரண்டையும் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டால் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே வருகிறது. துணியின் இரண்டு பக்கமும் தறிக் கரை இருப்பதால் அங்கே ஓரம் அடிக்க வேண்டியதில்லை. மேலே 3 அங்குலம் மடித்து ஸ்பிரிங் நுழைகிற குழாய், கீழே 4 அங்குல மடிப்பு. மொத்தத் தையல் நான்கே கோடு. தைக்கத் தெரியாதவர்களும் தைக்கக்கூடியது இது. சேலையானால் இன்னும் சுலபம். குறுக்காகப் போட்டு மேல் கரையை மடித்துக் கோத்துவிட்டால் கீழ்க்கரை தானே பார்டராக நிற்கும். எட்டு முழ வேட்டியில் இரண்டு துண்டு வரும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூன்று வகைத் திரை வருகிறது. ஒரு பக்கமிருந்து இழுக்கிற ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்கிற பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கி வருகிற கரந்துவரல் எழினி. மாதவிக்காகச் சொன்ன இந்த மூன்றும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. என்னுடையது பொருமுக எழினி, துணி விலை 144 ரூபாய்.

தைக்கும் முன் அப்பாவின் பெட்டியைத் தேடி பிக் கிளாஸை எடுத்தேன். மடக்கி விரிக்கிற சின்னப் பித்தளைச் சட்டம், மேலே லென்ஸ், கீழே ஓர் அங்குலச் சதுர ஓட்டை. துணிமேல் வைத்து ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தள்ளி எண்ண வேண்டும். ஊடை 52 இழை வந்தது. இரண்டு முறை எண்ணினேன். தறிக்காரர்கள் கூலி பேசுவதே இந்தக் கணக்கில்தான், பிக்குக்கு இத்தனை பைசா என்று. அங்குலத்துக்கு 52 என்றால் 59 அங்குலத்துக்கு 3,068, இரண்டு துண்டுக்கும் சேர்த்து 6,136. அப்பா ஓட்டின மாதிரிச் சாதாத் தறி நிமிஷத்துக்கு 120 தடவை நாடாவை அடிக்கும். அப்படிப் பார்த்தால் என் ஜன்னல் ஒரு தறிக்கு 51 நிமிஷ வேலை. அப்பா ஒரே சமயத்தில் ஆறு தறி பார்த்தார். அந்த 51 நிமிஷத்தில் இதைப் போல ஆறு ஜன்னல் மூடியிருப்பார்.

இவ்வளவு தெரிந்தவள், காடாவை நனைக்காமல் தைத்தேன். கஞ்சி விறைப்பு இருந்தால் நகத்தால் கீறின இடத்தில் மடிப்பு அப்படியே நிற்கும், குண்டூசிகூட வேண்டாம். நனைத்தால் துவண்டுவிடும். அந்தச் சோம்பேறித்தனம். இரண்டு ராத்திரி கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடித்து, பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன கொக்கிகளில் ஸ்பிரிங்கை மாட்டி இழுத்துவிட்டபோது அடிக்கட்டையைத் தாண்டி 2 அங்குலம் இறங்கி, கச்சிதமாக இருந்தது. பதினைந்து நாள் கழித்துத் துவைத்தேன். காய்ந்து எடுத்து மாட்டினால் அடிக்கட்டைக்கு 2 அங்குலம் மேலே நிற்கிறது. 52 அங்குலம் 48 ஆகியிருந்தது. தறியில் இழுத்துப் பிடித்திருந்த நூல் தண்ணீரைக் கண்டதும் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த 2 அங்குல இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக வந்து மேசையை வெட்டியது.

கீழே விட்டிருந்த 4 அங்குல மடிப்புத்தான் காப்பாற்றியது. பள்ளிக்கூடத்துப் பாவாடை நினைவுக்கு வந்தது. வளர்கிற பிள்ளை என்று உள்பக்கமாக டக் பிடித்துத் தைப்பார்கள். ஜூன் மாதம் வந்தால் அம்மா ஒரு டக்கைப் பிரித்துவிடுவார். பாவாடை இறங்கும். வெளுக்காமல் உள்ளே இருந்த பகுதி அடர் நீலப் பட்டையாக வெளியே வந்து, இது போன வருஷத்துப் பாவாடை என்று எல்லாருக்கும் சொல்லும். எனக்கு மூன்று பட்டை வரைக்கும் வந்த பாவாடை உண்டு. இப்போது ஜன்னலுக்கு டக் பிரித்தேன். பழைய மடிப்புக் கோடு, எத்தனை தேய்த்தாலும் போகாமல், இருக்கிறது. பாரம் போய்விட்டதால் கீழே காற்றில் பறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் இந்தப் பக்கத்தில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு வாஷரை வைத்துத் தைத்தேன். அவையும் அப்பா பெட்டியிலிருந்துதான்.

காடாவின் வழியாக வருகிற வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் தடைபடுவதில்லை, சலிக்கப்படுகிறது. நான்கு மணிக்குத் துணி முழுக்க நீராகார நிறத்தில் எரியும். பாவும் ஊடையும் தனித்தனியாகத் தெரியும். தறியில் நூல் அறுந்து முடிச்சுப் போட்டு ஓட்டின இடங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கறுத்து நிற்கும். விதைத் துணுக்குகள் பூச்சிகள் மாதிரி. அறையில் எந்தப் பொருளுக்கும் கூர்மையான நிழல் இல்லை. புத்தகங்கள் இனி மெதுவாகத்தான் வெளுக்கும்.

அம்மா அந்த முறை ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன், இரண்டு துண்டின் கீழ் மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. கோடித் துணி உடுத்தும் முன் மூலையில் மஞ்சள் வைக்கிற வழக்கம். எப்போது வைத்தார் என்று தெரியவில்லை, சொல்லவும் இல்லை. நான் துவைத்தபோது சவுக்காரம் பட்டு அந்த மஞ்சள் குங்குமமாகச் சிவந்து, அலசியதும் திரும்ப மஞ்சளானது. வெயிலுக்கு முன்னால் மஞ்சள் நிற்காது. பங்குனி முடிவதற்குள் சுத்தமாகப் போய்விட்டது. சித்திரையில் வந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார், அடுக்களைக்குப் போய்க் கிண்ணத்தோடு திரும்பினார்.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து. பக்கத்துப் பையன்கள் அங்கேதான் பந்தடிப்பார்கள். பந்து எங்கள் துணி துவைக்கிற இடத்தில் வந்து விழும். ஜன்னல் வெறுமையாக இருந்த நாளில் கம்பியைப் பிடித்து ஏறி, தலையை நுழைத்து, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நோட்டம் விட்டு, 'ஆண்ட்டி பந்து' என்பான் ஒருவன். திரை போட்ட பிறகு முதன்முதலாகப் பந்து விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி. வெயில் அவன் முதுகில். காடாவில் அவன் நிழல் முழுசாக விழுந்தது, காது மடல்கூடத் தெரிந்தது. அவனுக்கு என்னைத் தெரியாது. நிழல் கையை உயர்த்தியது. எங்கே தட்டுவது என்று தெரியாமல் அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. ஓரடி பின்னால் போய், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

'ஆண்ட்டி, உள்ள இருக்கீங்களா?'